அப்பிச்சியின் காதுகளும் பந்தயக் கார்களும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு சிஸ்டர் வகுப்புக்கு வந்தபோது, சென்ற ஆண்டு நாங்கள் உதகைக்குச் சென்ற சுற்றுலாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. இந்த ஆண்டு நான் செய்த ஒரு தவறும், அந்தத் தவறு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடமும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தன. அந்த இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் அப்பிச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, கோவை கணபதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். திருப்புளியின் முனையை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "இதுல பேரிங் போயிருச்சு", "அதுல ஒரு பிளக் சரியா எரியலை" என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்குமாம். "மருத்துவருக்கு ஸ்டெதாஸ்கோப், உங்க அப்பிச்சிக்குத் திருப்புளி" என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

அந்த அப்பிச்சிக்குச் சர்க்கரை நோயால் கண் மங்கிக்கொண்டே வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பார்வை முழுவதும் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பை மாமா பார்த்துக்கொள்கிறார். அப்பிச்சி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு ஒருமுறைகூட அவர் ஒர்க்‌ஷாப்புக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும், "பார்க்க முடியாத எடத்துக்கு நான் எதுக்குக் கண்ணு?" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை கார்ப் பந்தயம். 1970-களில் இளைஞராக இருந்தபோது, தம் முதலாளியுடன் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, அதன் பக்கத்திலுள்ள சோழவரத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றுதான் அங்கே பந்தயத் தடமாக இருந்தது. பிறகு 2005-ஆம் ஆண்டு, நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராக ஆஸ்திரேலியாவில் களமிறங்கியபோது, ஒர்க்‌ஷாப் பையன்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து டி.வி. முன்னால் உட்கார வைத்தாராம். நான் பிறப்பதற்கு முந்தைய கதை இது.

ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி ஞாயிறு மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். அப்பிச்சி ஆறு மணிக்கே முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் அமர்ந்து, "சிவப்புக் கார் முந்துதுங்க அப்பிச்சி, இப்ப வளைவு வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவருக்கு நான் கண்ணாக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. ஒருநாள் அவர் என் கையைத் தட்டி, "கொஞ்சம் பேசாம இரு கண்ணு, வண்டி பேசட்டும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் அவரோடு பந்தயம் பார்க்க உட்காரவில்லை.

செப்டம்பர் மாதம் வந்தது. மறுநாள் காலாண்டுத் தேர்வில் அறிவியல். அன்று இத்தாலியில் மோன்சா நகரப் பந்தயம். நான் கூடத்து மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன். டி.வி.யோ காது கிழிய அலறிக்கொண்டிருந்தது. எரிச்சல் தாங்காமல் ரிமோட்டை எடுத்து ஒலியை அடியோடு நிறுத்திவிட்டேன். "அப்பிச்சிதான் கண்ணை மூடியிருக்கிறாரே, தூங்கத்தான் போகிறார்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் அப்போது படித்துக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா தோழிகளே? ஒலியியல்!

ஒன்றே கால் மணி நேரம் கழித்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பிச்சி அதே நாற்காலியில், டி.வி. பக்கம் முகத்தை வைத்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை.

"ரேஸ் முடிஞ்சுருச்சா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "சத்தம் நின்னதும் கேட்டிருக்கலாமேங்க அப்பிச்சி" என்றேன்.

"மொதல்ல கரன்ட் போயிருச்சோன்னு நெனச்சேன். ஆனா ஃபேன் ஓடுச்சு. சரி, புள்ள படிக்குதுன்னு உட்கார்ந்துட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொருவருக்கு ஒலி என்பது வெறும் இரைச்சல் அல்ல, அதுவே பார்வையாகவும் இருக்கலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்பிச்சி அந்த ஒலியில் எதைப் பார்க்கிறார், அந்த ஒலி அவரிடம் எப்படி வந்து சேருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என முடிவு செய்தேன். தேர்வு முடிந்ததும் இயற்பியல் சிஸ்டரிடம் கேட்டும், நூலகத்திலும் கணினியிலும் தேடியும் நான் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

பந்தயக் காரின் சத்தம் ஏன் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது? நான்கு அடிப்பு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. 2005-இல் நரேன் ஓட்டிய ஜோர்டான் காரில் பத்து சிலிண்டர் என்ஜின் இருந்தது. அத்தகைய என்ஜின் நிமிடத்திற்கு 18,000 முறை சுழன்றால், நொடிக்கு 300 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்கு 1,500 வெடிப்பு வருகிறது! அதுதான் வீல் என்று அலறும் அந்தக் குரல். 2006 முதல் 2013 வரை எட்டு சிலிண்டர்கள். 2014 முதல் டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் என்ஜின்கள் வந்தன. இவை 12,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 600 வெடிப்புதான். தவிரவும், வெளியேறும் புகையின் வேகத்தை டர்போ வாங்கிக்கொள்வதால் சத்தமும் அடங்கிவிடுகிறது.

இந்த மாற்றத்தை ரசிகர்கள் பலர் விரும்பவில்லை. 2014 மே மாதம் மெர்சிடிஸ் குழுவினர் பார்சலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில், காரின் புகைக் குழாய் முனையில் நாதசுரத்தின் அணசைப் போல விரிந்த ஒரு பெரிய புனலைப் பொருத்திப் பார்த்தார்கள். அப்படியும் எதிர்பார்த்த அளவு சத்தம் கூடவில்லை. பிறகு 2016-இல், டர்போவைச் சுற்றிக்கொண்டு வெளியேறும் புகைக்குத் தனிக் குழாய் வைக்க வேண்டும் என்று விதியை மாற்றியபோது சத்தம் ஓரளவு கூடியது. சத்தத்தைக் குறைக்கச் சட்டம் போடுவதை அறிவோம். சத்தத்தைக் கூட்டுவதற்காகச் சட்டம் போட்ட அதிசயத்தை இங்கேதான் கண்டேன்!

அடுத்து, இந்தச் சத்தத்தை டி.வி.க்காகப் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம். கேமரா எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒரு மைக்கை வைத்தால் போதுமே என்று நான் நினைத்திருந்தேன். அது சரியல்ல. கேமரா அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காரையும் கண்ணருகே இழுத்துக் காட்டிவிடும். ஒளி உடனே வந்துவிடும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். 170 மீட்டர் தள்ளியிருந்தாலே அரை நொடி தாமதம். கார் வளைவைக் கடந்த பிறகு பிரேக் போடும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? ஆகவே தடத்தை ஒட்டி, வளைவுக்கு வளைவு தனித்தனி மைக்குகள் வைக்கிறார்கள். கார் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் கியர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கிடைக்கும். வளைவு முடிந்து ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்தும் இடத்தில் என்ஜின் முழுக் குரலில் பாடும். குழாய் போல நீண்ட மைக் தன் முன்னால் வரும் ஒலியையே பெரிதும் வாங்கி, பக்கவாட்டு ஒலியைக் குறைத்துவிடும். காற்று நேரே மோதி 'புஸ் புஸ்' என்று கெடுக்காமல் இருக்க, மைக்கின் மேல் பஞ்சு உறையோ, பூனைக்குட்டி போன்ற ரோம உறையோ மாட்டுகிறார்கள்.

படம் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒலியும் கூடவே மாற வேண்டும். ஒரு வளைவின் மைக் மெல்ல அடங்க, அடுத்த வளைவின் மைக் மெல்ல எழ வேண்டும். வெடுக்கென்று வெட்டினால் காதில் 'டிக்' என்று தட்டும். முன்பு ஒலிக் கலவையாளர் விரலாலேயே இதைச் செய்தார். இப்போது படம் மாறியதும் அதற்குரிய மைக்கைத் தானாகவே திறந்து மூடும் கருவிகள் உள்ளன. எனினும் எது தூக்கலாக ஒலிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதக் காதுதான். கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் அடியில் ஒரு சுருதி போல விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். 2020 முதல், பந்தயம் உலகின் எந்த மூலையில் நடந்தாலும், அதன் படமும் ஒலியும் இங்கிலாந்திலுள்ள பிக்கின் ஹில் என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்தே நிகழ்ச்சியாகத் தொகுக்கப்படுகின்றன.

காரின் மேலேயும் கேமராவோடு ஒரு மைக் இருக்கிறது. அதன் பாடுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று, மறுபக்கம் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு, நடுவே என்ஜினின் கூச்சல். மைக்குக்கும் தாங்கும் எல்லை உண்டு. டம்ளரில் கொள்ளும் அளவுக்கு மேல் பாலை ஊற்றினால் வழிந்துவிடுவது போல, அளவுக்கு மிஞ்சிய ஒலி வரும்போது அலையின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். பிறகு கேட்பது என்ஜினின் குரலாக இருக்காது, கிழிந்த பறையின் ஓசையாகத்தான் இருக்கும். ஆகையால் வாங்கும் அளவை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு விந்தை உண்டு. தடத்து ஓர மைக்கில் கார் வரும்போது குரல் உயர்ந்தும், கடந்து போகும்போது தாழ்ந்தும் 'ஈஈஈ-யோவ்வ்' என்று கேட்கும். இதுதான் நம் பாடத்தில் உள்ள டாப்ளர் விளைவு. 600 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், நமக்குச் சுமார் 795 ஹெர்ட்ஸாகக் கேட்கும். விலகிப் போனால் சுமார் 480 ஆகிவிடும். 1842-இல் டாப்ளர் சொன்ன இந்தக் கருத்தை 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிஞர் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றிச் சோதித்துப் பார்த்தாராம்! காரின் மேலுள்ள மைக்கிலோ இந்த ஏற்ற இறக்கம் வராது. அந்த மைக்கும் காரோடு சேர்ந்தே ஓடுகிறதல்லவா?

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, அக்டோபரில் சிங்கப்பூர்ப் பந்தயம் வந்தது. நான் அப்பிச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

முதலில் ஒரே இரைச்சல்தான். பிறகு மெல்ல மெல்ல வேறுபாடு தெரிந்தது. "இப்ப ரெண்டு பக்கமும் சுவர், சத்தம் எதிரொலிச்சு வருது பாரு" என்றார் அப்பிச்சி. சிங்கப்பூரில் நகரத் தெருவிலேயே பந்தயம் நடக்கிறது. "இதே மொனாக்கோவா இருந்தா ஒரு சுரங்கம் வரும், சத்தம் குடத்துக்குள்ள போன மாதிரி மாறும்" என்றார். சற்று நேரத்தில் என்ஜின் திக்கித் திக்கி ஒலித்தது. "குழிக்கு வர்றான். இங்க வேகக் கட்டுப்பாடு உண்டு, அதான் வண்டி தெத்துது" என்றார். அவர் குழி என்றது சக்கரம் மாற்ற வரும் இடத்தை! உடனே காற்று விசையில் சுழலும் கருவியின் 'விர்ர்' ஓசை இருமுறை கேட்டது. "ரெண்டரை செகண்டு. நல்ல பசங்க" என்று சிரித்தார். திரையில் வந்த எண்ணைக் கண் திறந்து பார்த்தேன். பத்தில் ஒன்றோ இரண்டோதான் வித்தியாசம். இத்தனை நாளும் நான் அவருக்குக் கண்ணாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அவர் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது.

"அன்னைக்கு நான் சத்தத்தை நிறுத்தினது தப்புங்க அப்பிச்சி, மன்னிச்சுருங்க" என்றேன்.

"அட, அதை இன்னுமா நெனச்சுட்டு இருக்கற? உடு கண்ணு" என்று என் தலையில் கை வைத்தார்.

வெறும் மன்னிப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு அவர் வராவிட்டால் ஒர்க்‌ஷாப்பை அவரிடம் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. அங்கே ஒரு பழைய அம்பாசடர் கார் பழுதுக்கு வந்து நின்றது. அதன் சத்தத்தை அம்மாவின் செல்பேசியில் பதிவு செய்ய, பள்ளி விடுமுறை நாளில் மாமாவோடு சென்றேன்.

முதல் நாள் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்கு வெகு அருகில் செல்பேசியைப் பிடித்தேன். வீட்டில் போட்டுக் காட்டியதும், "தகரத்தைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது கண்ணு" என்றார் அப்பிச்சி. ஒலி அளவு மிஞ்சிப் போயிருந்தது. ரேடியேட்டர் விசிறியின் காற்று வேறு மோதியிருந்தது. அடுத்த முறை வாசல் கேட்டருகே நின்று பதிவு செய்தேன். அதில் என்ஜினைவிடப் பேருந்து ஹாரனும், தகரக் கூரையின் எதிரொலியும்தான் அதிகம். "வண்டி எங்கயோ பக்கத்து ஊர்ல ஓடுது" என்றார்.

மூன்றாம் முறை நான் படித்ததையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டேன். விசிறிக் காற்று படாதபடி பக்கவாட்டில் ஆறடி தள்ளி ஒரு முக்காலியைப் போட்டேன். அதிர்வு ஏறாமல் இருக்கத் துணியை நான்காக மடித்து, அதன் மேல் செல்பேசியை வைத்தேன். மைக் துளையின் மேல் மெல்லிய பஞ்சு ஒன்றைக் கட்டினேன். மாமாவிடம் சொல்லிக் கம்ப்ரெசரை நிறுத்தச் செய்தேன். தெருவில் வண்டி இல்லாத நேரம் பார்த்துக் கை காட்டினேன். மாமா முதலில் என்ஜினை நிதானமாக ஓடவிட்டு, பிறகு மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார்.

அன்று மாலை அப்பிச்சி அந்தப் பதிவைக் கேட்டார். ஒருமுறை கேட்டுவிட்டு, "இன்னொருக்கா போடு" என்றார். மூன்றாம் முறையும் கேட்டார். அவருடைய வலக்கை விரல் தொடையில் மெல்லத் தாளம் போட்டது.

"டக்கு டக்குன்னு ஒண்ணு பின்னாடியே வருது, கேட்குதா? டேப்பட்ல இடைவெளி அதிகமாயிருச்சு. வேகம் கூடக் கூட அதுவும் கூடுது பாரு."

"எந்த சிலிண்டர்லங்க அப்பிச்சி?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அதை உன் டெலிபோன்ல சொல்ல முடியாது கண்ணு. திருப்புளி வச்சுத்தான் பார்க்கணும்" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "காலைல என் காக்கிச் சட்டையை எடுத்து வை" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பீரோவைத் திறந்தார்.

மறுநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பிச்சி ஒர்க்‌ஷாப் படியேறினார். மாமா என்ஜினை ஓடவிட்டார். பையன்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அப்பிச்சி கையால் தடவித் தடவித் திருப்புளியின் முனையை ஓரிடத்தில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். "மூணாவது" என்றார். பிரித்துப் பார்த்தபோது மூன்றாவதுதான்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவர் அங்கே போகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து பந்தயம் 'பார்க்கிறோம்'. நான் அதிகம் பேசுவதில்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில், பஞ்சு உறை போட்ட மைக்கை வளைவோரத்தில் வைத்துவிட்டுப் போகும் முகம் தெரியாத அந்த ஊழியரை மட்டும் மனத்தில் நினைத்து நன்றி சொல்லிக்கொள்கிறேன். கோவையில் ஒரு முதியவர் அதன் வழியாகப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ ஏதோ ஒரு ஒலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அது உங்களுக்கு இரைச்சலாக இருக்கலாம். ரிமோட்டை எடுக்கும் முன் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பாருங்கள்.

அந்தக் காலாண்டுத் தேர்வில் டாப்ளர் விளைவுக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்தப் பாடத்தை நான் உண்மையில் படித்து முடித்தது அக்டோபர் மாதத்தில்தான்.